நைனா செதுக்கிய வரப்பு

பிச்சாட்டூர் அணைக்கட்டைத் தாண்டி எங்கள் ஊர்ப் பாதையில் ஜீப் திரும்பியதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த வெள்ளைக் கோடுதான். எங்கள் நிலத்தின் நான்கு பக்கமும் கயிறு பிடித்து இழுத்ததுபோல் நேராக, வெயிலில் கண் கூசும்படி ஓடியது. கோட்டுக்கு உள்பக்கம் வரப்பு, திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்த தலையைப் போல மொழுமொழுவென்று கிடந்தது. ஒரு புல் இல்லை. மூலையில் குவித்திருந்த கற்கள் இல்லை. நிலத்தின் நடுவில் நாங்கள் மேடு கட்டிப் புல் நட்டிருந்த திட்டும் இல்லை. அந்த இடத்தில் ஈர மண்ணை அள்ளிப் பூசி, மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். வரப்பு முனையில் என் அப்பா, நைனா, நின்றிருந்தார். முகம் மழித்து, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் புதுத் துண்டோடு, ஜீப் நிற்பதற்கு முன்பே கை கூப்பிவிட்டார். அவர் கைகள் எப்போதும் நடுங்கும். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இதுவரை யாரிடமும் சரியாக விவரித்ததில்லை. பள்ளியில் எனக்குப் பரிசு கொடுத்த நாளில், கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு இதே சிரிப்பைத்தான் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் தன் பெயரைத் தன் கையால் எழுதியதில்லை. நான் திருப்பதியில் விடுதியில் தங்கி வேளாண்மை படித்தேன். வகுப்பில் தெலுங்கில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் யோசித்துப் பட்டம் வாங்கினேன். மேற்படிப்புக்குத் தரை வண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஊரில் அதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "அது இன்னா படிப்பு, வண்டு படிப்பு?" என்று கேட்பார்கள். அம்மா என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "டாக்டருக்கு மாதிரி ஒரு படிப்பு" என்று சொல்லிவைத்தாள். வந்தவர்களில் ஒருத்தி உடனே முழங்கால் வலியைப் பற்றி என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வண்டு என்றதும் பலருக்குப் பூவைச் சுற்றிப் பறப்பதுதான் நினைவுக்கு வரும். தரை வண்டு அதிகம் பறக்காது, ஓடும். பகலில் கல்லுக்கடியிலும் புல் தூரிலும் காய்ந்த சருகுக்குள்ளும் பதுங்கிக் கிடந்து, வெயில் தாழ்ந்ததும் வேட்டைக்குக் கிளம்பும். கடலைச் செடியின் இலையை அரிக்கும் புழுவும் அப்படித்தான். பகலெல்லாம் செடியடி மண்ணில் ஒளிந்திருந்து, இருட்டத் தொடங்கியதும் மேலே ஏறும். கூட்டுப்புழுவாக மாறவும் மண்ணுக்குள்தான் இறங்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடமாடுகிறவை என்பதால் வண்டுக்குப் புழு எளிதில் இரையாகும். வண்டின் குஞ்சுகள்கூட மண்ணுக்குள்ளேயே புழுவைத் தேடித் தின்னும். எங்கள் பக்கத்து வண்டுகளில் பெரியது ஒன்று உண்டு. நல்ல கருப்பு, முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். சீண்டினால் பின்பக்கத்திலிருந்து காரமான நீரைப் பீச்சும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் துடிக்க வேண்டியதுதான். நைனா அதற்கு ஆறு பொட்டுக்காரி என்று பெயர் வைத்தார். ஏன் காரி என்று கேட்டதற்கு, "நடைய பாரு. யாரையும் மதிக்காம மொறச்சிக்கினு போறா. உங்கம்மா மாதிரியே கீது" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "எரிச்சலும் வரும், சொல்லி வையி" என்றாள்.

நைனா எங்கள் ஊரில் பூச்சி மருந்தடிக்கிற ஆள். சொந்த நிலம் வந்த பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, வாயை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வரிசை வரிசையாக நடப்பார். காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குளித்த பிறகும் அவர் மேல் அந்த வாடை இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதுதான் நைனாவின் வாசனை. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரைத் தூக்கினால் டீ பாதி தரையில் சிந்தும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: இனிமேல் மருந்து அடிக்கக் கூடாது, அடிக்கிற இடத்தில் நிற்கவும் கூடாது, அடித்த நிலத்தில் இறங்கி வேலை செய்யவும் கூடாது, மீறினால் ஒருநாள் மூச்சு திரும்பி வராது. பஸ் புத்தூர் தாண்டியதும் நைனா என் பக்கம் திரும்பினார். "மருந்து இல்லாம எவன் பயிர் வெக்கிறான் பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். நான் படித்ததே அதைத்தானே. அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நைனா நிலத்தை விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு பயிருக்குச் சம்மதித்தாள். "இந்தக் கடலைய மருந்து இல்லாம எடுத்துட்டா நெலம் நம்ம கையில இருக்கட்டும். புழு துன்னுட்டுப் போச்சின்னா பக்கத்து மாந்தோப்புக்காரனுக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு நாம திருப்பதிக்குப் போயிடணும். அப்பறம் என்கிட்ட நெலம் நெலம்னு பேசிக்கினு வரக் கூடாது" என்றாள். நைனா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எல்லாம் அடங்கியிருந்தது. வண்டு ஜெயித்தால் அவர் விவசாயி. இல்லையென்றால் அவர் இனி யாரோ ஒருவர்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. வரப்பில் புல் விடவேண்டும். நடுவில் ஒரு மேடு ஏற்றி அதிலும் புல் நடவேண்டும். கற்களை மூலையில் குவித்து வைக்கவேண்டும். சருகைக் கொளுத்தக் கூடாது. வண்டு பகலில் தங்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நைனாவின் முகம் மாறிவிட்டது.

"வரப்புல புல்லா?"

"புல்லு இருந்தாதான் வண்டு தங்கும் நைனா."

"புல்லு இருந்தா தொர இன்னா சொல்லுவாரு, தெரியுமா உனக்கு?"

தொர என்றது பெரிய வீட்டுக்காரரை. எங்கள் தெருவே பரம்பரையாக அவர் நிலத்தில் கூலிக்குப் போன தெரு. நைனா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் அவர் வீட்டு மாடு மேய்த்தார். அரசாங்கம் நிலமில்லாத குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தபோது எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அது அவருடைய நிலத்தை ஒட்டியே அமைந்தது. அன்று ஊர்க் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "இவங்களுக்கு நெலம் குடுத்தா புல்லுதான் மொளைக்கும்." அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நைனா வரப்பைச் செதுக்குவார். அவர் மட்டும் இல்லை, பட்டா வாங்கிய எங்கள் தெருக்காரர்கள் எல்லாருமே செதுக்குவார்கள். கடலை நன்றாக விளைந்ததா இல்லையா என்பது இரண்டாவது பேச்சு. வரப்பில் புல் தெரிந்தால் அந்த வீட்டுக்காரனைத் தெருவே கேலி பேசும். பெரிய வீட்டுக்காரரின் சொந்த வரப்பில் முள்ளும் புதரும் மண்டிக்கிடக்கும். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. பதில் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. ஆகவே நான் நைனாவிடம் கேட்டது புல்லை மட்டும் இல்லை. ஒரு பருவம் முழுக்க அந்த வசவைச் சுமந்துகொண்டு நிற்கும்படி கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் காலால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, படிச்சவ சொல்ற. ஒரு பயிருக்குத்தான?" என்றார்.

பெரிய வீட்டுக்காரர் எதிர்பார்த்தபடியே வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்டார்: "ஏரா, உன் கூத்துரு திருப்பதி போயி படிச்சது புல்லு வளக்கறதுக்கா?" நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொண்ணு ஏதோ ஆராய்ச்சி பண்ணுதுங்க தொர, நமக்கு இன்னா தெரியும்" என்றார். தொர போன பிறகு நைனா புல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அம்மா சொன்னாள். தெருக்காரர்கள் வேறு மாதிரி. வண்டு விழுகிறதா என்று பார்க்க நான் பிளாஸ்டிக் கப்புகளை மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த எதிர் வீட்டு அத்தை, "இன்னாண்ணா, டீ கப்ப நட்டு வெச்சிக்கினு கீற? டீயாவே மொளைக்குமா, பால் தனியா ஊத்தணுமா?" என்று கேட்டாள். "மொளச்சதும் மொத கிளாஸ் உனக்குத்தான். சக்கர நீ எடுத்துக்கினு வா" என்றார் நைனா.

அந்தப் பருவத்தில் நைனா எனக்குத் தினமும் போன் செய்தார். அதற்கு முன்னால் போனில் அவர் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயா என்பதோடு முடிந்துவிடும். இப்போது வண்டைப் பற்றிச் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. "இன்னிக்கி ஆறு பொட்டுக்காரி ஒரு புழுவ இழுத்துக்கினு போறத பாத்தேன் பாப்பா. பாதி துன்னுட்டா. மீதிய யாருக்கோ எடுத்துக்கினு போறா. புருசனுக்கா இருக்கும்." "யாருக்கும் இல்ல நைனா, தனியாத்தான் துன்னும்." "சரியான ஆளுதான் போ." அவர் குரலில் விசில் சத்தம் குறைந்திருந்தது. நான் விடுப்பில் போயிருந்தபோது சாயங்காலம் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு புல் தூரையே பார்த்திருந்தார். வெயில் மங்கியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிறியவை, பெரியவை, பச்சைப் பளபளப்பாக ஒன்று. பெரிய வீட்டுக்காரரின் கடலையில் மருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் செடிகளில் அங்கங்கே இலையில் ஓட்டை இருந்தாலும் செடி நின்றது. வண்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பல்லியும் எறும்பும் குருவியும் வந்தன. எல்லாம் அந்தப் புல்லுக்கு வந்தவைதான். நைனா மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, "பயிரு வந்துடும் போல கீதே" என்றார். நம்பிக்கை என்ற ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் வேலை பார்த்த வேளாண் திட்டத்தின் தலைவி, நாங்கள் பெரிய மேடம் என்று அழைப்பவர், எங்கள் நிலத்தைப் பார்க்க அதிகாரிகளை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். நன்றாக இருந்தால் வெதுருகுப்பம் பக்கத்திலும் மற்ற மண்டலங்களிலும் இதேபோல் செய்யலாம் என்று பேச்சு இருந்தது. நான் நைனாவுக்குப் போன் செய்தேன். "எதையும் மாத்தாத நைனா. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும். புல்லத் தொடாத" என்றேன். இதைத் தெளிவாகச் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். "ஏய், எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கறேன், நீ பத்திரமா வா" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். பஞ்சாயத்து ஆள் வந்து, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், நல்லபடியாகச் சுத்தம் பண்ணி வை என்று சொல்லி, மந்திரி வந்தால் சாலையோரம் தூவுகிற பிளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் தெருவுக்கு அதுவரை ஜீப்பில் யாரும் மரியாதைக்கு வந்ததில்லை. தெருவே இறங்கி வேலை செய்தது. எதிர் வீட்டு அத்தை புல்லைப் பிடுங்கினாள். அம்மா கற்களைக் கூடையில் அள்ளித் தூரக் கொட்டினாள். பிடுங்கிய புல்லையும் சருகையும் வரப்பின் மேலேயே குவித்துக் கொளுத்தினார்கள். நைனா வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே, மூலைக்கு மூலை வெள்ளைக் கோடு போட்டார். எனக்காக. என் ஆபீஸ்காரர்கள் எங்கள் வரப்பில் புல்லைப் பார்த்துவிட்டு, இவள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாது என்று.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஓர் இளம் அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு மனதாரப் பாராட்டினார். "சாலா பாகுந்தி! எந்த நீட்டுகா பெட்டுக்குன்னாரு!" ரொம்ப நன்றாக இருக்கிறது, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மேடம் வரப்பு நெடுக நடந்தார், கருகிய சாம்பலைச் செருப்பு நுனியால் கிளறிப் பார்த்தார், என் பக்கத்தில் வந்து வண்டு எங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அது நைனா காதில் விழுந்துவிட்டது.

"வண்டு எல்லாம் பத்திரமா கீது மேடம்" என்றார். "நீங்கள்லாம் சேத்துல குனிஞ்சி தேடக் கூடாதுன்னு நானே புடிச்சி வெச்சிட்டேன்."

வேப்பமரத்தடியிலிருந்து மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புல்லைக் கொளுத்தும்போது வெளியே ஓடியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார். விரல்களில் எரிந்த தடங்கள் சிவந்திருந்தன. முந்தின நாளிலிருந்து அவை பக்கெட்டுக்குள் இருந்தன. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற கார வாடை எழுந்தது. ஒருவர் பின்னால் நகர்ந்தார். உள்ளே கருப்பாக ஒரு குவியல். கால்கள் தனியாக, முதுகு ஓடுகள் தனியாக. வேட்டையாடுகிற பூச்சிகளை ஒன்றாகப் போட்டு அடைத்தால் ஒன்றையொன்று தின்னும். பீச்சிய நீரின் ஆவி மிச்சத்தைக் கொன்றுவிடும். நைனா பக்கெட்டைச் சாய்த்து, குலுக்கி, ஒரு குச்சியால் கிளறினார். "நேத்து நல்லாத்தான் ஓடிக்கினு இருந்திச்சி" என்றார். மறுபடியும், "நேத்து நல்லாத்தான்..." என்றார். அடியில் ஒன்று மட்டும் ஒரு காலை அசைத்தது. அதைக் கையில் எடுத்து மேடத்தின் முன்னால் நீட்டினார்.

அந்த நேரம் பெரிய வீட்டுக்காரர் வந்தார். அதிகாரிகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நிலத்தை ஒரு பார்வை பார்த்தார். வரப்பை, கோட்டை, தட்டிச் சமப்படுத்திய மண்ணை. பிறகு நைனாவின் தோளைத் தட்டி, "இப்பதான்ரா நெலம் மாதிரி கீது" என்றார். அந்த மனிதர் நைனாவைத் தொட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நைனாவின் கையில் அந்த வண்டு இருந்தது. அவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொல் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும், ஏதோ தவறிவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில்.

எனக்கு அன்று அவர் மேல் கோபம் இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் எனக்கு விளக்கவேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளியில் திங்கட்கிழமை தோறும் நகம் பார்ப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளின் கையைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமையே என் நகத்தை ரத்தம் வரும்வரை வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து அனுப்புவாள். மற்றவர்கள் சாதாரணமாக இருந்தால் போதும். நாங்கள் பளிச்சென்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். விடுதியில் என் அலமாரிதான் எப்போதும் ஒழுங்காக இருந்தது. இன்றும் மடிப்புக் கலைந்த துணியோடு நான் வெளியே போவதில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது. அதே பழக்கம் நைனாவின் வண்டுகளைக் கொளுத்தியது. புல்லை அப்படியே விட்டுவிட்டு அமைதியாக நிற்க, யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். அதைப் பட்டாவோடு சேர்த்துக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லமுடியும். நாங்கள் கற்களை மறுபடி கொண்டுவந்து குவித்தோம். மழைக்குப் புல் தானாகவே வந்தது. வண்டு வரவில்லை. வருவதற்கு எங்காவது பக்கத்தில் இருக்கவேண்டும். சுற்றிலும் மருந்தடித்த நிலங்கள். நைனா சாயங்காலங்களில் போய் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது மழைக்குப் பிறகு அந்துப்பூச்சிகள் வந்தன, பின்னாலேயே புழு. வரப்பை அப்படியே விட்டிருந்தாலும் புழு வந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் போய்விட்டது. ஒரு காலையில் பார்த்தால் இலை போய் வெறும் காம்புகள் நின்றன. நைனா யாரிடமும் சொல்லாமல் எதிர் வீட்டு டேங்கை வாங்கி மாட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கினார். பாதி வரிசையில் விழுந்துவிட்டார். அத்தை பார்த்துக் கத்தியதால் ஆட்டோவில் போட்டு எடுத்துக்கொண்டு போக முடிந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என்னிடம் அவர் கேட்டது, "மீதி பாதிய யாராவது அடிச்சாங்களா?"

நிலம் குத்தகைக்குப் போனது. மாந்தோப்புக்காரர் மிஷினை இறக்கி வரப்புகளை இடித்து, பக்கத்திலிருந்த தன் நிலத்தோடு சேர்த்து ஒரே பரப்பாக்கிவிட்டார். எங்கள் துண்டு எது என்று இப்போது போய்ப் பார்த்தாலும் தெரியாது. எங்கள் திட்டமும் கொஞ்ச காலத்தில் நின்றுபோனது. நான் இப்போது திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்புகிற விளைச்சல் விவரங்களைச் சரிபார்க்கிறேன். நல்ல வேலைதான். என் பெயர் கதவில் இல்லை, மேசையில் இருக்கிறது. தரை வண்டு பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

நைனா திருப்பதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அவரும் அம்மாவும் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையில் இருக்கிறார்கள். என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "உக்காந்து துன்னா ஒடம்புல ஒட்டாது பாப்பா" என்று சொல்லிவிட்டார். அந்தக் குடியிருப்புக்காரர்கள் நல்லவர்கள். பழைய சட்டை கொடுக்கிறார்கள், பண்டிகைக்கு இனிப்பு கொடுக்கிறார்கள். மாதாமாதம் பூச்சி மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுகிறார்கள். சுற்றுச்சுவரின் அடியோரம், சாக்கடை மூடிகள், தொட்டிச் செடிகள் இருக்கும் மண் பட்டை எல்லாவற்றிலும் அடிப்பார்கள். அந்த ஆள் வரும்போது தெருமுனைக்குப் போய்விடு என்று நைனாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மூடிகளைத் திறந்து காட்டவேண்டியது வாட்ச்மேன் வேலை என்கிறார்.

போன மாதம் நான் போன நேரத்தில் அந்த ஆள் அடித்து முடித்துக்கொண்டிருந்தான். முதுகில் டேங்க், வாயில் துண்டு. நைனா அவனுக்கு முன்னால் துடைப்பத்தோடு நடந்துகொண்டிருந்தார். சுவரோரத்தில் கரப்பான்களோடு சில கருப்பு வண்டுகளும் மல்லாந்து கிடந்தன. சிறியவை, என்ன இனம் என்று எனக்குத் தெரியும். நைனா எல்லாவற்றையும் சேர்த்து முறத்தில் அள்ளினார். குனிந்து நிமிரும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் எனக்கு எட்டும்படி கேட்டது. சுவர் நெடுக மண் கூட்டிய அடையாளம் நேராக இருந்தது. ஒரு புல் இல்லை.

"எப்டி கீது பாப்பா?" என்று கேட்டார். "இந்த லைன்லயே நம்ம காம்பவுண்டுதான் சுத்தம். எவனும் ஒரு வார்த்த சொல்ல முடியாது."

என் பதிலுக்காக நின்றார். மருந்து வாடை எங்களைச் சுற்றிக் கனமாக இருந்தது. அவர் கையிலிருந்த முறம் நடுங்கி, அள்ளியதில் கொஞ்சம் மறுபடி தரையில் சிந்தியது.

"நல்லா கீது நைனா" என்றேன். "வா, வெளிய போயிடலாம்."

"இரு, இத்த பெருக்கிட்டு வரேன்" என்று சொல்லி, மறுபடியும் குனிந்தார்.